பொறிகளுக்கு ஒரு வார்ப்புரு



வைகைக் கரையிலுள்ள பரமக்குடியும் எமனேசுவரமும் கைத்தறி நெசவுக்குப் பெயர்பெற்ற ஊர்கள். பூவேலை அமைந்த சேலை நெய்யும் தறியைப் பார்த்தவர்கள், அதன் தலைமேல் ஒரு பெட்டி இருப்பதையும், துளையிட்ட அட்டைகள் சங்கிலிபோலக் கோக்கப்பட்டு அதிலிருந்து தொங்குவதையும் கண்டிருப்பார்கள். பிரான்சு நாட்டு ஜக்கார்டு என்பவர் 1804-ஆம் ஆண்டில் அமைத்த முறை அது. அட்டையில் துளை உள்ள இடத்தில் பாவு நூல் மேலெழும். துளை இல்லாத இடத்தில் எழாது. ஒருமுறை அட்டையை வெட்டிவிட்டால், அதே பூவை நூறு சேலைகளில் நெய்யலாம். ஆயினும் ஒரு சேலை மயில்கழுத்து நிறமாகவும் மற்றொன்று அரக்கு நிறமாகவும் அமைவதற்குத் தடையில்லை. பூவின் வடிவம் அட்டையில் இருக்கிறது. நிறம் நூலில் இருக்கிறது. எது அட்டைக்கு உரியது, எது நூலுக்கு உரியது என்று பிரித்துணரும் இந்த அறிவே, இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருளுக்கு உயிர்நாடி.

அப்பொருள் யாதெனில், தொழிற்சாலைகளிலும் மின்நிலையங்களிலும் உள்ள பொறிகளை இரவும் பகலும் கண்காணிக்கும் மென்பொருளில் வார்ப்புரு அமைக்கும் முறையாகும். பொறியாளர்கள் இதனை 'டெம்ப்ளேட்' என்பார்கள். ஒரே இனத்தைச் சேர்ந்த பல பொறிகளுக்கும் பொதுவான இயல்புகளை ஒரே இடத்தில் எழுதி வைத்து, ஒவ்வொரு பொறியின் பதிவையும் அதிலிருந்து வார்த்தெடுப்பதே இம்முறை. சொல்வதற்கு எளிது. ஆனால் இதனை நன்கு அமைப்பதற்கும் தீங்காக அமைப்பதற்கும் உள்ள வேறுபாடு, சில வேளைகளில் உயிருக்கும் உயிரிழப்புக்கும் உள்ள வேறுபாடாகிவிடும்.

தக்கதோர் எடுத்துக்காட்டைத் தேடி நாம் நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. பரமக்குடிக்குத் தென்மேற்கே கமுதி இருக்கிறது. சீமைக் கருவேலம் மண்டிய அந்த வறண்ட நிலத்தில், ஏறத்தாழ 2,500 ஏக்கர் பரப்பில், 648 மெகாவாட் ஆற்றல் கொண்ட சூரிய மின்நிலையம் ஒன்றை அதானி குழுமம் அமைத்தது. 2016 செப்டம்பரில் அது நிறைவெய்தியபோது, ஒரே இடத்தில் அமைந்த உலகின் மிகப் பெரிய சூரிய மின்நிலையம் என்று பேசப்பட்டது. பின்னர்க் கர்நாடகத்தின் பாவகடாவிலும் இராசத்தானத்தின் பட்லாவிலும் அதனினும் பெரியவை எழுந்துவிட்டன. கமுதி நிலையத்தில் அமைக்கப்பட்ட சூரியத் தகடுகள் 25 இலட்சம், இன்வர்ட்டர்கள் 576, மின்மாற்றிகள் 154, கம்பி வடங்களின் நீளம் ஏறத்தாழ 6,000 கிலோமீட்டர்.

தகடு தருவது நேர் மின்னோட்டம். அதனை நம் வீடுகளுக்கு வரும் மாறு மின்னோட்டமாக மாற்றித் தருவது இன்வர்ட்டர். 25 இலட்சம் தகடுகளை 576 இன்வர்ட்டர்களுக்குப் பகிர்ந்தால், ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ 4,340 தகடுகள் வருகின்றன. இத்தகைய நிலையங்களில் சுமார் இருபது தகடுகளை ஒன்றன்பின் ஒன்றாக இணைத்து ஒரு வரிசையாக்குவது வழக்கம். அத்தகைய வரிசை ஒன்றின் உருகி எரிந்துபோயிற்று என்று வைத்துக்கொள்வோம். நிலையத்தின் மொத்த உற்பத்தியில் குறைவது இலட்சத்தில் ஒரு பங்கினும் குறைவு. நிலையத்தின் வாயிலில் உள்ள மின்அளவி அதனைக் காட்டாது. அந்த இன்வர்ட்டரின் கணக்கில் பார்த்தாலோ, அது ஏறத்தாழ இருநூற்றில் ஒரு பங்கு. பல வரிசைகள் வந்து கூடும் சிறு பெட்டியின் கணக்கில் பார்த்தால், குறை கண்ணுக்கு நன்றாகத் தெரியும். ஆகவே மொத்தத்தை மட்டும் அளந்தால் போதாது. உறுப்புகளைத் தனித்தனியே அளக்கவேண்டும். ஆனால் உறுப்புகளோ ஆயிரக்கணக்கானவை. அவற்றை எவ்வாறு எழுதி வைப்பது?

கமுதியின் எண்களைக் கொண்டு, இன்வர்ட்டருக்கு நாமே ஒரு வார்ப்புரு அமைத்துப் பார்ப்போம். அதில் நான்கு வகைச் செய்திகள் இடம்பெற வேண்டும். முதலாவது, மாறாத செய்திகள்: செய்த நிறுவனம், ஆற்றல், நிறுவிய நாள் போன்றவை. இரண்டாவது, நொடிக்கு நொடி மாறும் அளவுகள்: உள்ளே வரும் மின்னழுத்தம், மின்னோட்டம், வெளியே செல்லும் மின்திறன், பெட்டியின் உள்வெப்பம். மூன்றாவது, அளவுகளிலிருந்து கணக்கிட்டுப் பெறுபவை. வெளிவரும் திறனை உட்செல்லும் திறனால் வகுத்தால் பொறியின் திறமை கிடைக்கும். நல்ல இன்வர்ட்டரில் அது நூற்றுக்கு 98 என்ற அளவில் இருக்கும். நான்காவது, எல்லைகள்: எந்த அளவு எதனைக் கடந்தால் காவலரை எழுப்ப வேண்டும் என்னும் விதி.

ஓர் இன்வர்ட்டருக்கு இவ்வகையில் இருபது செய்திகள் என்று கொண்டால், 576 இன்வர்ட்டர்களுக்கு 11,520 செய்திகள் ஆகின்றன. ஒவ்வொன்றையும் கையால் பதிய இரண்டு நிமிடம் என்றாலும் 384 மணி நேரம் வேண்டும். நாளுக்கு எட்டு மணி நேரம் உழைக்கும் ஒருவருக்கு அது 48 நாள் வேலை. வார்ப்புருவிலோ இருபது செய்திகளை ஒரே முறை எழுதினால் போதும். பின்னர் ஒரு கணக்கைத் திருத்த வேண்டுமானாலும் ஓரிடத்தில் திருத்தினால் 576 இடங்களிலும் திருத்தம் ஏறிவிடும். உழைப்பு மிச்சம் என்பது வெளிப்படை.

ஆனால் இதன் பெருமை உழைப்பு மிச்சத்தோடு முடிவதில்லை. எல்லாப் பொறிகளையும் ஒரே அளவுகோலால் அளப்பதால், ஒன்றை மற்றொன்றோடு ஒப்பிட முடிகிறது. நண்பகலில் ஓர் இன்வர்ட்டர் குறைவாக மின்சாரம் தருகிறது என்றால், அது குறைபாடா, அல்லது மேகம் மறைத்ததா? படிகச் சிலிக்கான் தகடு 25 பாகை வெப்பத்திற்கு மேல் ஏறும் ஒவ்வொரு பாகைக்கும், தன் திறனில் நூற்றுக்கு ஏறத்தாழ 0.4 பங்கை இழக்கும் இயல்புடையது. ஆகவே இராமநாதபுரத்துச் சித்திரை வெயிலில் திறன் சற்றுக் குறைவது நோயன்று, இயற்கை. ஆனால் அதே வெயிலில், அதே நேரத்தில், பக்கத்துப் பொறிகள் அனைத்தும் ஓரளவில் நிற்க, ஒன்று மட்டும் தாழ்ந்து நின்றால், அங்கே ஆள் செல்ல வேண்டும் என்பது உறுதி. தூசு படிந்திருக்கலாம், கம்பி தளர்ந்திருக்கலாம், உருகி எரிந்திருக்கலாம். பொதுமையை ஒழுங்காக வரைந்து வைத்தாலன்றித் தனி ஒன்றின் மாறுபாடு புலப்படாது.

இனி இதிலுள்ள இடர்களைக் கூறுகிறேன். முதல் இடர் பெயரில் இருக்கிறது. வயலில் நிற்கும் ஒவ்வொரு உணர்கருவிக்கும் ஒரு பெயர் உண்டு. பகுதி எண், இன்வர்ட்டர் எண், அளவின் பெயர் என்ற ஒழுங்கில் பெயர் அமைந்திருந்தால், மூன்றாம் பகுதியின் பதினேழாம் இன்வர்ட்டரின் வெப்பம் எங்கிருந்து வரவேண்டும் என்பதை வார்ப்புரு தானே கண்டுகொள்ளும். அந்த ஒழுங்கு ஓரிடத்தில் பிறழ்ந்து, பதினேழின் அளவு பதினெட்டின் பெயரில் வந்துவிட்டால் என்ன நேரும்? திரையில் 'பதினெட்டில் மின்சாரம் இல்லை' என்று தெரியும். உண்மையில் மின்சாரம் இல்லாதது பதினேழு. திரையை மட்டும் நம்பிப் பதினெட்டைத் திறக்கும் தொழிலாளி உயிருள்ள கம்பியில் கை வைப்பார். ஆகவேதான், திரை எதைச் சொன்னாலும், பொறியின் அருகே நின்று மின்சாரம் இல்லை என்பதைக் கருவியால் சோதித்த பின்னரே கை வைக்க வேண்டும் என்பது தொழிலின் கட்டளை. வார்ப்புரு அமைப்பவரும் கணிப்பொறியின் முன்னே அமர்ந்தபடி வேலையை முடித்துவிடலாகாது. வயலுக்குச் சென்று, ஒவ்வொரு பெயரும் தனக்குரிய பொறியையே சுட்டுகிறதா என்று பார்க்க வேண்டும்.

இரண்டாவது இடர் அலகில் இருக்கிறது. எண் எழுதி அலகு எழுதாவிட்டால் அது பாதிச் செய்தியே. செவ்வாய்க் கோளைச் சுற்றிவர அமெரிக்கா 1998 டிசம்பரில் அனுப்பிய ஒரு விண்கலம், 1999 செப்டம்பரில் அக்கோளை நெருங்கியபோது அழிந்தது. ஒரு மென்பொருள் பவுண்டுக் கணக்கில் தந்த விசை அளவை, மற்றொன்று நியூட்டன் கணக்கு என்று எடுத்துக்கொண்டதே காரணம். வார்ப்புருவில் அலகை எழுதும் இடம் வெறும் அலங்காரமன்று.

மூன்றாவது இடர் எல்லையில் இருக்கிறது. இது நுட்பமானது. உள்வெப்பம் 45 பாகையைக் கடந்தால் மணி அடிக்க வேண்டும் என்று, இந்தச் சீமையின் வெயிலை எண்ணாமல் ஒருவர் எழுதிவிட்டார் என்று கொள்வோம். நண்பகலானால் 576 இடங்களிலிருந்தும் மணி ஒலிக்கும். சில நாள்களில் காவலர் மணியைக் கேட்பதையே விட்டுவிடுவார். உண்மையான தீ மூண்ட நாளிலும் அவர் எழமாட்டார். இது கற்பனை அச்சமன்று. 1994 சூலை 24-ஆம் நாள், பிரிட்டனின் வேல்சுப் பகுதியில் மில்போர்டு ஹேவன் என்னுமிடத்து எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் பெரும் வெடி விபத்து நிகழ்ந்தது. 26 பேர் காயமுற்றனர். வெடிப்பதற்கு முந்திய பதினொரு நிமிடங்களுக்குள் இருந்த இரண்டு காவல் பொறியாளர்கள் முன் 275 எச்சரிக்கைகள் குவிந்தன என்று பின்னர் நடந்த ஆய்வு கூறிற்று. இரண்டரை நொடிக்கு ஒன்று வீதம் வருவதை எந்த மனிதர் படித்து, ஆராய்ந்து, செயற்பட இயலும்? வார்ப்புரு நன்மையைப் பெருக்குவது போலவே தவற்றையும் பெருக்கும். தவறாக வெட்டிய அட்டை ஒரு சேலையோடு நிற்பதில்லை. நூறு சேலையையும் கெடுக்கும்.

அப்படியானால் எல்லாவற்றையும் ஒரே வார்ப்பில் அடக்க வேண்டுமா? வேண்டியதில்லை. பரமக்குடி வழியாக இராமேசுவரம் செல்லும் ரயில் கடலைக் கடக்கும் இடத்தில் இதற்கு விடை இருக்கிறது. 1914-இல் திறக்கப்பட்ட பழைய பாம்பன் பாலத்தில், தூக்குப் பகுதியின் இரும்பு துருவேறி நலிந்தமையால் 2022 டிசம்பரில் ரயில் போக்குவரத்து நின்றது. அதன் அருகே எழுந்த புதிய பாலம் 2025 ஏப்ரல் 6-ஆம் நாள் திறக்கப்பட்டது. அதில் 99 கண்கள் நிலையாக நிற்பவை. ஒரு கண் மட்டும், 72.5 மீட்டர் நீளமுடையது, கப்பலுக்கு வழிவிட 17 மீட்டர் உயரம் மேலெழுவது. இப்பாலத்துக்கு நாம் வார்ப்புரு அமைப்பதானால், 'பாலக் கண்' என்று ஒரு தாய் வார்ப்புருவை முதலில் எழுதுவோம். இரும்பின் தகைவு, அதிர்வு, துருவின் நிலை ஆகியவை எல்லாக் கண்களுக்கும் பொது. 99 கண்களுக்கும் அதுவே போதும். மேலெழும் கண்ணுக்கோ அதிலிருந்து பிறந்த சேய் வார்ப்புரு ஒன்று வேண்டும். அது தாயின் இயல்புகளை எல்லாம் பெற்றுக்கொண்டு, மோட்டாரின் மின்னோட்டம், வடத்தின் இழுவிசை, எழுந்த உயரம் ஆகியவற்றைத் தனக்கெனச் சேர்த்துக்கொள்ளும். அந்த ஒன்றுக்காக 99-க்கும் வேண்டாத செய்திகளைச் சுமத்துவதும் தவறு. 99-ஐப் பார்த்து அந்த ஒன்றின் தனித்தன்மையை மறந்துவிடுவதும் தவறு. பழைய பாலத்தில் நலிந்ததும் அசையும் அந்த ஒரு பகுதியே என்பதை இங்கே நினைவிற்கொள்க.

மாணவ நண்பர்களே, இதனைக் கற்க விலையுயர்ந்த மென்பொருள் எதுவும் வேண்டியதில்லை. உங்கள் கல்லூரியிலோ பள்ளியிலோ உள்ள நீரேற்றும் பம்புகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு தாளில் நான்கு பத்தி வரைந்து, மாறாதவை, மாறுபவை, கணக்கிடுபவை, எல்லைகள் என்று தலைப்பிடுங்கள். ஒவ்வோர் எண்ணுக்கும் அலகு எழுதுங்கள். ஒவ்வோர் எல்லைக்கும் எதிரே, 'இந்த மணி ஒலித்தால் யார், என்ன செய்ய வேண்டும்?' என்று எழுதுங்கள். விடை எழுத முடியாத எல்லையை அடித்துவிடுங்கள். பின்னர் அத்தாளை எடுத்துக்கொண்டு, பம்பை நாள்தோறும் இயக்கும் பெரியவரிடம் செல்லுங்கள். எந்தப் பம்பு கோடையில் சூடேறும், எது தொடங்கும்போது முனகும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அவர் சொல்வதில் எது எல்லாப் பம்புக்கும் பொது, எது அந்த ஒன்றுக்கே உரியது என்று பிரித்து எழுதுங்கள். அத்தாள் நிறையும்போது, உங்கள் முதல் வார்ப்புரு ஆயத்தமாகிவிடும்.