துள்ளிசையும் நம் இலக்கியமும்

(வானொலி இலக்கியத் தொடரில் நிகழ்த்தப்பட்ட உரை)

இலக்கியத் தொடரில் பொப் பாட்டைப் பற்றிப் பேசுவதா என்று உங்களிற் சிலர் முகஞ்சுளிக்கலாம். ஒரு காலத்தில் நானும் சுளித்தவன்தான்.

எண்பதுகளின் தொடக்கத்தில் பல்லேபொலவில் நாங்கள் கூடும் தேநீர்க் கடையில் ஏ. ஈ. மனோகரனின் 'சுராங்கனி' அடிக்கடி ஒலிக்கும். சிங்களமும் தமிழும் கலந்து வரும் அந்தப் பாட்டுக்கு முதலாளி சிங்களத்தில் முணுமுணுப்பார். தோட்டத்துத் தமிழரும் முஸ்லிம் வியாபாரிகளும் மேசையில் தாளம் போடுவார்கள். போர்த்துக்கேயர் வழிவந்த பைலாத் தாளம் எல்லோரையும் ஒரே வாங்கில் இருத்திவைத்தது. நான் மட்டும் கவிதைப் புத்தகத்தை விரித்துக்கொண்டு மூலையில் இருப்பேன்.

அறுபதுகளில் ஈழத்து இலக்கியத்தில் மரபுப் போராட்டம் நடந்தது. பேச்சுத் தமிழை 'இழிசனர் வழக்கு' என்று பண்டிதர்கள் தள்ளினார்கள். முற்போக்கு எழுத்தாளர்கள் மண்வாசனை என்று கொண்டாடினார்கள். அதே பேச்சுத் தமிழை நித்தி கனகரத்தினம் 'சின்ன மாமியே' என்றும் 'கள்ளுக்கடைப் பக்கம் போகாதே' என்றும் பாடியபோது, அதையும் மண்வாசனை என்று சொன்ன விமர்சகர் எத்தனை பேர்? கதையில் வந்தால் இலக்கியம், கிற்றாருடன் வந்தால் கூத்தடிப்பு என்பது என்ன நியாயம்?

1983 ஜூலைக்குப் பிறகு பாடியவர்களும் வாசித்தவர்களும் திசைக்கொருவராய்ச் சிதறினார்கள். நித்தி அவுஸ்திரேலியாவில் குடியேறினார். தமிழகத் திரைப்படங்களில் 'சிலோன் மனோகர்' என்று பெயரெடுத்த மனோகரன் 2018இல் சென்னையில் காலமானார். இவர்களுக்காவது பெயர் மிஞ்சியது. பெயரும் மிஞ்சாத பாடகர் பலர்.

என் அண்ணன் ஒரு கசெற்றை விட்டுவிட்டு வெளிநாடு போனார். கலியாண வீடுகளில் பாடிய எங்கள் பகுதி இளைஞர்களின் பாட்டுகள் அதில் இருந்தன. வெற்று நாடா கிடைக்காத ஒரு நாளில், அதன்மேல் ஒரு கவியரங்கத்தைப் பதிந்தேன். அந்தக் கவிதைகளில் ஒரு வரிகூட இன்று எனக்கு நினைவில்லை. ஆனால், "அந்தக் கசெற் இருக்கிறதா?" என்று அண்ணன் தொலைபேசியில் கேட்டது மறக்கவில்லை. இருக்கிறது என்றேன். பொய் சொல்லவில்லை, உண்மையும் சொல்லவில்லை.

நேயர்களே, உங்கள் வீட்டு அலுமாரியிலும் பூஞ்சணம் பிடித்த ஒரு கசெற் கிடக்கலாம். எறிந்துவிடாதீர்கள். யார் பாடியது, எந்த ஊர், எந்த ஆண்டு என்று ஒரு துண்டில் எழுதி வையுங்கள். நம் ஏடுகளைத் தேடிக் காத்தவர்களைப் போற்றுகிற நாம், நாடாக்களையும் காக்க வேண்டாமா?