ஒட்டடை அடிக்கும் முன்



பொங்கலுக்கு ஒட்டடை அடித்த கைகள்தான் இன்று பட்டம் வாங்க வந்திருக்கின்றன. அந்த ஒட்டடைக்குச் சொந்தக்காரரான சிலந்தியைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

1899-இல் போகாக் என்ற ஆங்கில விலங்கியலாளர் நீல நிறத்தில் மின்னும் பெரிய சிலந்தி ஒன்றை அறிவியல் உலகுக்கு அறிமுகப்படுத்தினார். ஆந்திரத்தின் குத்தி என்னும் ஊரில், ரயில்வே மரக்கட்டைகள் அடுக்கியிருந்த இடத்தில் கிடைத்த ஒற்றைச் சிலந்தி அது. பிறகு நூறாண்டுக்கு மேல் ஆய்வாளர் கண்ணில் அது படவே இல்லை. 2001-இல்தான் நந்தியாலுக்கும் கித்தலூருக்கும் இடைப்பட்ட காட்டில் மீண்டும் அகப்பட்டது. மரத்தோடு சேர்ந்து ரயிலேறித்தான் அது குத்திக்கு வந்திருக்க வேண்டும். போகாக்கின் பதிவில் பொய் ஒன்றுமில்லை. ஆனால் கூடவே இன்னும் பத்துப் பேர் பத்து ஊரில் பார்த்து எழுதியிருந்தால் இத்தனை காலம் போயிருக்காது.

அந்தப் பத்துப் பேராக நீங்கள் இருக்கலாம். இப்படிப் பார்த்துப் பதிவு செய்யப் பட்டம் தேவையில்லை என்று பட்டமளிப்பு விழாவிலேயே சொல்வது கொஞ்சம் அபசகுனம்தான்! ஐநேச்சுரலிஸ்ட் போன்ற உயிரினப் பதிவுத் தளங்களில் படமும் தேதியும் இடமும் கொடுத்தால் போதும். பெயர் சொல்ல உலகெங்கும் ஆட்கள் இருக்கிறார்கள்.

தொடக்கத்தில் நான் எல்லாச் சிலந்தியையும் முதுகுப்பக்கம் மட்டுமே படம் எடுத்தேன். பாதிக்கு மேல் பெயரில்லாமல் கிடந்தன. கண்கள் அமைந்திருக்கும் விதம் குடும்பத்தைக் காட்டிக்கொடுக்கும். அதற்கு முகம் வேண்டும். வயிற்றுப்பக்கமும் வேண்டும். அப்படியும் பல இனங்களை நுண்ணோக்கி இல்லாமல் பிரித்தறிய முடியாது. அங்கே பேரினத்தோடு நிறுத்திக்கொள்வதுதான் நேர்மை. ஊகித்து ஒரு பெயரை எழுதுவதைவிட வெற்றிடம் எவ்வளவோ மேல்.

ஓர் எச்சரிக்கை. குத்திச் சிலந்தி போன்றவற்றைப் பிடித்து வளர்ப்புக்கு விற்கும் வியாபாரம் நடக்கிறது. அரிய இனத்தின் இருப்பிடத்தைப் பொதுவில் துல்லியமாகக் காட்டாதீர்கள்.

மற்றவற்றுக்குத் தயங்க வேண்டாம். அடுத்த பொங்கலுக்கு ஒட்டடைக் கம்பை எடுக்கும் முன் செல்பேசியை எடுங்கள். முதுகு, முகம், வயிறு என்று மூன்று படம் எடுங்கள். இருப்பிட வசதியை இயக்க மறந்துவிடாதீர்கள்.