கொள்ளிடக்கரை வேளாண்மையும் வீராணம் ஏரியும்



கல்கியின் 'பொன்னியின் செல்வன்' புதினத்தைப் படித்தோர் வந்தியத்தேவன் ஆடிப் பெருக்கன்று குதிரையேறி வந்த ஏரிக்கரையை மறந்திருக்க மாட்டார்கள். பிள்ளைகள் திரைப்படத்தில் கண்டிருப்பார்கள். அந்த ஏரி கதைக்காகப் படைக்கப்பட்டதன்று. கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயிலை அடுத்து, வடக்குத் தெற்காக ஏறத்தாழ 14 கி.மீ. நீண்டு கிடக்கும் வீராணம் ஏரியே அது.

பத்தாம் நூற்றாண்டில் ஆண்ட முதலாம் பராந்தக சோழனின் 'வீரநாராயணன்' என்னும் பட்டப்பெயரே வீராணம் என மருவிற்று. அவன் மைந்தன் இராசாதித்தன் தன் படைவீரர்களைக் கொண்டு ஏரியை வெட்டுவித்தான் என்பது வழிவழிச் செய்தி. காட்டுமன்னார்கோயிலின் பழம்பெயர் வீரநாராயணபுரம். வைணவப் பெரியார் நாதமுனிகள் பிறந்த ஊரும் அதுவே.

ஏரிக்கு நீர் வரும் வழியை இளையோர் நிலப்படத்தில் தொடர்ந்து பார்க்கலாம். மேட்டூரில் திறக்கப்படும் காவிரி நீர் கொள்ளிடம் வழியே அணைக்கரை வந்து சேர்கிறது. அங்குள்ள கீழணை 1836ஆம் ஆண்டு ஆர்தர் காட்டன் காலத்தில் எழுந்தது. கீழணையிலிருந்து வடவாறு பிரிந்து ஏரியை நிரப்புகிறது. ஏரியின் மதகுகள் கிழக்கே சுமார் 45,000 ஏக்கர் நிலத்திற்கு நீர் அளிக்கின்றன. சம்பா நெல்லே முதன்மைப் பயிர். லால்பேட்டைப் பக்கம் வெற்றிலைக் கொடிக்கால்களும் உண்டு.

கிழக்குக் கரையோர் ஏரி நிரம்ப வேண்டும் என்று காத்திருப்பர். மேற்கே நிலைமை வேறு. அரியலூர்ப் பக்கத்து மேட்டு நிலத்தில் கனமழை பெய்தால் செங்கால் ஓடையும் கருவாட்டு ஓடையும் பெருகி ஏரிக்குள் பாயும். அவ்வேளையில் ஏரியும் நிரம்பியிருந்தால் மேற்கே தாழ்ந்த ஊர்களின் வயல்கள் மூழ்கிவிடும். தெற்கே வெள்ளியங்கால் ஓடையிலும் வடக்கே வெள்ளாற்றிலும் உபரி நீரை வெளியேற்றினால், அவற்றின் கரையிலுள்ள பயிர்கள் நீரில் நிற்கும். எந்த மதகை எப்போது திறப்பது என்பதில் ஒரு சாராரின் விளைச்சல் எப்பொழுதும் அடங்கியிருக்கிறது.

இதில் மூன்றாவதாகச் சேர்ந்தது சென்னை. 2004ஆம் ஆண்டு முதல் புதிய வீராணம் திட்டத்தின்படி 230 கி.மீட்டருக்கும் நீண்ட குழாய் வழியே நாள்தோறும் 18 கோடி லிட்டர் வரை நீர் தலைநகருக்குச் செல்கிறது. சிறு கணக்கு ஒன்று போடுவோம். ஏரியின் முழுக் கொள்ளளவு 1.465 டி.எம்.சி., அதாவது 146 கோடியே 50 லட்சம் கன அடி. நாள்தோறும் முழு அளவில் எடுத்தால் ஆண்டுக்குச் சென்னைக்கு மட்டும் ஏறத்தாழ 2.3 டி.எம்.சி. தேவை. ஏரி ஒருமுறை நிரம்புவது சென்னைக்கே போதாது. உழவர் பங்கு அதற்கும் மேல். ஆகவே கீழணையிலிருந்து நீர் மீண்டும் மீண்டும் வந்தாக வேண்டும். செய்தித்தாள்களில் வரும் '47.5 அடி' ஏரியின் ஆழம் அன்று. கடல் மட்டத்திலிருந்து கணக்கிடப்படும் நீர்மட்டம். உண்மை ஆழம் அதில் ஒரு சிறு பகுதியே. அதையும் ஓடைகள் கொணரும் வண்டல் ஆண்டுதோறும் குறைத்து வருகிறது. தூர் வாருக என உழவர்கள் நெடுங்காலமாகக் கேட்டு வருவது இதனால்தான். 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டபோது வீராணத்து நீர் அந்நகருக்குப் பெருந்துணையாய் நின்றது. அந்த நன்றி தூர் வாரும் வேலையில் போதிய அளவு தெரியவில்லை.

2020இல் இயற்றப்பட்ட பாதுகாக்கப்பட்ட சிறப்பு வேளாண் மண்டலச் சட்டத்தில் காட்டுமன்னார்கோயில் வட்டாரமும் இடம்பெற்றது. எனினும் 2023இல் சேத்தியாத்தோப்புக்குக் கிழக்கேயுள்ள நிலப்பகுதி நடுவண் அரசின் நிலக்கரி ஏலப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. எதிர்ப்பு எழவே அவ்வாண்டு ஏப்ரலில் அது நீக்கப்பட்டது.

விடுமுறையில் தாயகம் செல்வோர் சிதம்பரத்திலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் ஏரியை அடையலாம். மார்கழி, தை மாதங்களில் செல்வது நன்று. கரைமேல் நின்றால் ஒருபுறம் நீர்ப்பரப்பும் அதில் இரை தேடும் பறவைகளும், மறுபுறம் அதனினும் தாழ்ந்த மட்டத்தில் கதிர் முற்றிய சம்பா வயல்களும் தெரியும்.