சைக்கிளைக் கழட்டிப் பூட்டுவோம்

(சங்க ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சித்திரை வருடப் பிறப்பும் மொன்றியலில் பனி கரைகிற காலமும் சேர்ந்தே வருகின்றன. பல்கனியில் கிடந்த சைக்கிள்கள் இனி வெளியே வரும். தூசியைத் துடைத்துவிட்டு உடனே ஏறி ஓடாமல், ஒருமுறை கழட்டிப் பூட்டிவிட்டு ஓடுங்கோ என்று கேட்கத்தான் வந்திருக்கிறேன்.

இது எங்களுக்குப் புதிய வேலை இல்லை. 1990இல் பெற்றோல் தடை வந்தபிறகு யாழ்ப்பாணத்தைச் சுமந்தது சைக்கிள்தான். விறகும் மூட்டையும் நோயாளியும் அதில்தான் போயின. மின்சாரம் இல்லாத வீடுகளில் பெடலைச் சுற்றி, டைனமோவில் றேடியோச் செய்தி கேட்ட சனம் நாங்கள்.

இங்கே எதிரி உப்பு. மாரியில் றோட்டுக்குப் போடுகிற உப்பு செயினுக்குள்ளும் ஹப்புக்குள்ளும் புகுந்து இரும்பைத் தின்றுவிடும். பலரிடம் இருக்கிற ஹைபிறிட் சைக்கிளைச் சாதாரண ஸ்பானரோடும் எல்-சாவிகளோடும் வீட்டிலேயே பெரும்பாலும் பார்க்கலாம்.

முதலில் பிறேக். கட்டையில் உள்ள வெட்டுக் கோடு தேய்ந்து மறைந்திருந்தால் புதுக் கட்டை போடுங்கோ. கட்டை றிம்மில் மட்டும் பிடிக்கவேண்டும், ரயரில் முட்டக்கூடாது. வயர் நூல் பிரிந்திருந்தால் அதையும் மாற்றுங்கோ. இரவில் சாப்பாடு கொண்டு ஓடுகிற தம்பிமாருக்கும் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளுக்கும் இது உயிர் விசயம்.

அடுத்தது செயின். அடிமட்டத்தை வைத்து அளவுங்கோ. ஆணிக்கு ஆணி 24 கண்ணி சரியாக 12 அங்குலம் வரவேண்டும். அதற்குமேல் பதினாறில் ஒரு அங்குலம் நீண்டால் செயினை மாற்றுங்கோ. எட்டில் ஒன்று நீளும்வரை விட்டால் பின் பற்சில்லும் தேய்ந்திருக்கும், செலவு கூடும். துரு இளக்க விசிறுகிற எண்ணெய் செயினுக்குப் போதாது. செயின் எண்ணெயைக் கண்ணிக்கு ஒரு துளி விட்டு, மேலே மிஞ்சியதைத் துடைத்துவிடுங்கோ.

பெடல் கழட்டும்போது கவனம். வலப்பக்கப் பெடல் வழமைபோல இடப்பக்கம் சுற்றக் கழரும். இடப்பக்கப் பெடலின் புரி எதிர்மாறு; அதை வலப்பக்கம் சுற்றவேண்டும். மாறிச் சுற்றினால் இன்னும் இறுகும். பூட்டும்போது புரிக்குக் கிறீஸ் பூசுங்கோ.

ஹப்பைத் திறந்தால் போல்ஸை எண்ணி எழுதி வையுங்கோ. பழைய கிறீஸைத் துடைத்துப் புதுக் கிறீஸ் போட்டு, சில்லு ஆடாமலும் இறுகாமலும் சுழலுமட்டும் கோனைத் திருப்புங்கோ. கடைசியாக, ரயரின் பக்கத்தில் எழுதியிருக்கிற அளவுக்குக் காற்று அடியுங்கோ.

மண்ணெண்ணெயில் கழுவுகிறவர்கள் அடுப்படியில் கழுவவேண்டாம். அழுக்கு எண்ணெயைத் தண்ணிக் குழாயில் ஊற்றாமல் மாநகரசபையின் எக்கோசென்டருக்குக் கொண்டுபோய்க் கொடுங்கோ.

இன்னொரு வேண்டுகோள். கழட்டும்போது மகனை மட்டுமல்ல, மகளையும் பக்கத்தில் இருத்தி, ஸ்பானரை அவளின் கையில் கொடுங்கோ. ஊரில் தேவை எங்களுக்குப் படிப்பித்ததை, இங்கே நாங்கள்தான் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கவேண்டும்.

எல்லோருக்கும் இனிய புத்தாண்டு வாழ்த்துக்கள்.