கடலுக்கடியில் கேமராவோடு
(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சங்கச் செயலாளர் அண்ணன் போன் செய்து, "நீ என்னமோ கடலுக்குள்ள முங்கி போட்டோ எடுக்கியாமே, அதைப் பத்தி பத்து நிமிஷம் பேசு" என்றார். மேடை அனுபவம் என்றால், விடுதி நாள் நாடகத்தில் வேலைப் பிடித்துக்கொண்டு காவலாளியாக நின்றதோடு சரி. தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் கடியபட்டணத்துக்காரன். அப்பா சிப்பி எடுக்கப் போனவர். வெளியூர் நண்பர்களுக்காகச் சொல்கிறேன். கடலுக்குள் கிடக்கும் பாறைக் கூட்டத்தை எங்கள் பக்கம் 'பார்' என்போம். அதில் ஒட்டி வளரும் சிப்பியை எடுக்கக் கண்ணாடி மாட்டி, இடுப்பில் வலைப்பை கட்டி, மூச்சைப் பிடித்து முங்க வேண்டும். உளியால் பெயர்த்துப் பையை நிரப்பிக்கொண்டு மேலே வரவேண்டும். அப்பா முப்பது வருஷம் இதைச் செய்தார். அவருக்கு வலது காது கேட்காது. அம்மா கரையில் நின்று தலை தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பாள். ஆனால் அப்பா தினமும் போய்வந்த அந்த இடம் எப்படி இருக்கும் என்று அம்மாவும் பார்த்ததில்லை, நாங்களும் பார்த்ததில்லை. ஒரு படம் எடுத்துக் காட்டலாமே என்றுதான் தொடங்கினேன்.

எனக்கு வேலை சென்னையில், அழுத்தக் கலன் வடிவமைப்பு. அதனால் சிலிண்டரைக் கண்டு பயமில்லை. 11 லிட்டர் சிலிண்டர், 200 பார் அழுத்தம், சுமார் 2,200 லிட்டர் காற்று. 10 மீட்டர் இறங்கினால் அழுத்தம் இரண்டு மடங்கு, 20 மீட்டரில் மூன்று மடங்கு. அந்தக் கணக்கில் காற்றும் சீக்கிரம் தீரும். பாயில் விதியெல்லாம் இங்கேயே படித்ததுதானே, என்ன பெரிய விஷயம் என்று நினைத்தேன்.

அந்தமானில் ஹேவ்லாக் தீவுக்குப் போய்ப் படித்தேன். (2018-இல் அதன் பெயரை ஸ்வராஜ் தீவு என்று மாற்றிவிட்டார்கள்.) நாலு நாளில் சான்றிதழ் கையில். 18 மீட்டர் வரை போகலாம். மறுநாளே, சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கிய கேமராவோடு இறங்கினேன்.

ஏழாவது டைவ் அது. ஓர் ஆமை வந்தது. நான் ஆமையைப் பார்க்கவில்லை, திரையைத்தான் பார்த்தேன். படம் ஆடாமல் இருக்க மூச்சைப் பிடித்தேன். தரையில் அது நல்ல பழக்கம். தண்ணீருக்குள் நுரையீரல் நிறைந்தால் உடம்பு தானாக மேலே கிளம்பும். 10 மீட்டரில் பிடித்த மூச்சோடு மேலே வந்தால் உள்ளே இருக்கும் காற்று இரண்டு மடங்காக விரியும், நுரையீரலே கிழிந்துபோகலாம். முதல் வகுப்பிலேயே சொன்னார்கள். எழுதியும் வைத்திருந்தேன்! மேலே போகிறேன் என்று உணர்ந்ததும் பதறி மூச்சை விட்டேன், கீழே போனேன், மறுபடி ஆமையைத் துரத்தினேன். யாரோ தோளைத் தட்டினார்கள். பயிற்சியாளர். என் மீட்டரை என் கண்முன்னே பிடித்தார். காற்று 40 பார். 50-இலேயே மேலே வந்திருக்க வேண்டும். ஆழம் 22 மீட்டர். என் கையைப் பிடித்து மெதுவாக ஏற்றினார். 5 மீட்டரில் மூன்று நிமிஷம் நிறுத்தியபோது எனக்குத் தெரிந்த ஜெபமெல்லாம் ஓடியது.

படகில் ஏறியதும் அவர் திட்டவில்லை. கேமராவை வாங்கித் தன் பையில் வைத்துக்கொண்டார். "பத்து டைவ் கழிச்சுத் தர்றேன். அதுவரைக்கும் கையைக் கட்டிக்கிட்டு நீந்து."

உண்மையிலேயே கையைக் கட்டிக்கொண்டுதான் நீந்தினேன். இடுப்பில் கட்டிய ஈயத்தில் இரண்டு கிலோவைக் கழற்றச் சொன்னார். எடை அதிகமானால் கால் தொங்கும், துடுப்பு மண்ணைக் கிளப்பும், பவளத்தை உடைக்கும். மூச்சை நிறுத்தாமல், இழுத்தால் ஓர் அடி ஏறி, விட்டால் ஓர் அடி இறங்கி, ஒரே இடத்தில் நிற்கப் பழகவே பத்து டைவ் ஆகிவிட்டது. தம்பி தங்கைகள் யாராவது கற்றுக்கொள்ளப் போனால், கேமராவை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.

அதன்பிறகு படம் எடுப்பது அவ்வளவு கஷ்டமில்லை. தண்ணீர் சிவப்பைத்தான் முதலில் தின்றுவிடும். ஐந்தாறு மீட்டரிலேயே சிவப்பு மங்கிப்போகும், பிறகு ஆரஞ்சு, மஞ்சள். ஆகவே கிட்டே போ, இன்னும் கிட்டே போ. பிளாஷை லென்சுக்குப் பக்கத்தில் வைத்தால் மிதக்கும் தூசியெல்லாம் மின்னிப் படம் முழுக்கப் பனி பெய்யும். அதைக் கை நீளத்துக்குத் தள்ளிச் சாய்த்து வை. இந்த வெளிச்சப் பிரச்சினை பழையது. 1893-இல் பிரான்சில் லூயி பூத்தான் என்பவர் கடலடியில் படம் எடுக்க இறங்கியபோதே இதோடு மல்லுக்கட்டினார். 1926-இல் அமெரிக்காவில் கடலடியில் முதல் வண்ணப் படம் எடுத்தவர்கள் தண்ணீருக்கு மேலே மக்னீசியப் பொடியைக் கொளுத்தினார்களாம். நமக்கு பேட்டரி போதும்.

இங்கே படம் தாண்டி ஒன்று சொல்லவேண்டும். காது வலிப்பதற்கு முன்பே மூக்கைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஊதி உள்ளழுத்தத்தைச் சமன் செய்யவேண்டும். வலித்தால் ஒரு மீட்டர் மேலே ஏறவேண்டும். சளி பிடித்திருந்தால் இறங்கவே கூடாது. நீச்சல் குளத்தில் இதைச் சொன்ன அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. சிலிண்டர் வேண்டாம், காசு வேண்டாம், இரண்டு விரல் போதும். அப்பாவுக்கு இதை ஒருத்தரும் சொல்லித் தரவில்லை. கடற்கரை ஊர்களிலிருந்து வந்து படிக்கிற பிள்ளைகள் இங்கே நிறைய இருக்கிறீர்கள். சிப்பிக்குப் போகிற அண்ணன் தம்பி இருந்தால் இந்த வாரமே சொல்லுங்கள்.

போன மாசி மாதம், கடல் அடங்கித் தண்ணீர் தெளிந்திருந்த நாளில், பயிற்சி பெற்ற நண்பர் ஒருவரோடு ஊர்ப் பாரில் இறங்கினேன். அந்தமான் மாதிரி இல்லை. நாலைந்து மீட்டருக்கு மேல் கண்ணுக்கு எட்டாது. ஆனால் பாறை முழுக்கச் சிப்பி, இடையில் கடல் விசிறி, கல்லிடுக்கில் மீசையை ஆட்டிக்கொண்டு ஒரு சிங்கி இறால். கை நடுங்கவில்லை, மூச்சும் நிற்கவில்லை.

வீட்டில் லேப்டாப்பைத் திறந்து, வண்ணம் திருத்திய படங்களை அப்பாவுக்குக் காட்டினேன். சிப்பி செம்பழுப்பு, கடல் விசிறி நல்ல சிவப்பு. பெருமையாகத்தான் இருந்தது. அப்பா ரொம்ப நேரம் பார்த்தார்.

"மக்கா, இது எந்தக் கடல்?"

"நம்ம பாருதான் அப்பா."

"கடலுக்கடியில இவ்ளோ செவப்பு ஏது? நான் பாத்தது இப்படி இல்ல."

பிளாஷ், சிவப்பு நிறம், திருத்தம் என்று விளக்கினேன். அவர் இடது காதை என் பக்கம் திருப்பிக் கேட்டுக்கொண்டார், ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் நான் கழித்துப்போட்ட படங்களைத் தள்ளிக்கொண்டே போனேன். பிளாஷ் எரியாமல் போன ஒரு படம் வந்தது. முழுக்க மங்கிய பச்சை, பாறை நிழல் மாதிரி. "நில்லு" என்றார். விரலைத் திரையில் வைத்து, "இந்த மடக்குலதான் பெரிய சிப்பி கெடக்கும். இங்க கால ஊனிக்கிடணும். இல்லேன்னா அலை தூக்கி எறிஞ்சிரும்" என்றார். அப்புறம் அடுக்களைப் பக்கம் திரும்பி அம்மாவைக் கூப்பிட்டார்.

அம்மா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து அந்தப் பச்சையை உற்றுப் பார்த்தாள்.

"இதுக்குள்ளயா இத்தன வருஷம் போயிட்டு வந்தீங்க?"

அந்தப் படத்தைத்தான் இப்போது எங்கள் வீட்டு முன்னறையில் மாட்டியிருக்கிறோம்.