வெள்ளை அங்கியை வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள்



ஆய்வுகூடங்களில் வேலை செய்யும் பழைய மாணவிகள் நாங்கள்.

2010-2011 காலப்பகுதியில் ஐக்கிய அமெரிக்காவின் 38 மாநிலங்களில் 109 பேருக்குச் சல்மொனெல்லா தொற்றியது, ஒருவர் இறந்தார். விசாரித்தபோது, பலர் நுண்ணுயிரியல் ஆய்வுகூடங்களில் படித்தவர்கள், வேலை செய்தவர்கள் என்று தெரியவந்தது. அத்தகையோர் வீட்டுச் சின்னப் பிள்ளைகள் சிலரும் நோயுற்றார்கள்.

சல்மொனெல்லா இரண்டாம் உயிர்ப்பாதுகாப்பு மட்டத்தில் கையாளப்படுவது. 'மிதமான ஆபத்து' என்பார்கள். அந்தச் சொல் எங்களுக்குப் பிடிப்பதில்லை, ஆட்களை அசட்டையாக்கிவிடும். இது வாய்வழியே போகும் கிருமி. ஆகவே குழாயியை வாயால் உறிஞ்சாதீர்கள். தெறிக்கக்கூடிய வேலையைப் பாதுகாப்புப் பெட்டகத்துக்குள் செய்யுங்கள். வளர்ப்பூடகங்களை எறியுமுன் ஓட்டோகிளேவில் 121 பாகை செல்சியஸில் அவித்தெடுங்கள். 15 நிமிடம் என்று புத்தகம் சொன்னாலும் நிறைந்த பைக்கு அது போதாது.

கைத்தொலைபேசி விடயத்தில்தான் இளையவர்களோடு எங்களுக்கு ஓயாத சண்டை. கையுறையோடு தொட்ட போன் பிறகு சாப்பாட்டு மேசைக்கு வருகிறதே! அதை வெளியே வையுங்கள். அங்கியை உள்ளேயே கழற்றி, சவர்க்காரம் போட்டுக் கைகழுவிவிட்டு வாருங்கள்.

சங்கத்தாரிடம் ஒரு விண்ணப்பம். பாடசாலை ஆய்வுகூடத்தைத் திருத்தப் பணம் சேர்க்கும்போது, கதவோரம் ஒரு கைகழுவும் தொட்டியையும் கணக்கில் சேர்த்துவிடுங்கள்.