வெயிலறிந்து, காற்றறிந்து வீடு கட்டுவோம்



நெகிரி செம்பிலானில் தோட்டத்துப் பலகை வீட்டில் பிறந்து வளர்ந்து, பின்னர் தாமானில் கல்வீடு வாங்கிக் குடியேறியவர்கள் ஒரு குறை சொல்வதுண்டு. “வீடு நல்ல வீடுதான், ஆனால் ராத்திரியில் ஒரே புழுக்கம், பிள்ளைகள் தூங்க முடியவில்லை” என்பார்கள். சிரம்பான், நீலாய் வட்டாரங்களில் ரப்பர்த் தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாக மாறிவிட்டன. ஆகவே, இது இன்று ஆயிரக்கணக்கான நம் குடும்பங்களின் குறையாகும்.

காரணம் எளிது. பலகை மெல்லியது, விரைவில் சூடாகி விரைவில் ஆறிவிடும். செங்கல் சுவரோ பகலெல்லாம் வெப்பத்தை உள்வாங்கி, நாம் படுக்கும் நேரத்தில் அதை வெளிவிடுகிறது. தோட்டத்தில் சுற்றிலும் மரநிழல் இருந்தது. தாமானில் தாரும் சிமெண்டும் இருக்கின்றன. இதனால் லயத்து வாழ்க்கைக்கே திரும்ப வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அங்கிருந்த இடநெருக்கடியையும் அடுப்புப் புகையையும் யாரும் மறக்கவில்லை. கல்வீட்டையே குளுமையாக்குவது எப்படி என்பதுதான் கேள்வி.

நம் நாட்டில் பகலில் 32, 33 பாகை வெப்பம். இரவில் 23, 24 பாகை. காற்றில் ஈரம் மிகுதி. ஆகவே வியர்வை எளிதில் உலர்வதில்லை. உடலின்மேல் காற்று ஓடினால்தான் வியர்வை உலரும், உடல் குளிரும். நிழல், காற்றோட்டம் என்ற இந்த இரண்டும் நமக்கு வேண்டும்.

மலாய்த் தச்சர்கள் இதை நன்கு அறிந்திருந்தார்கள். ஸ்ரீ மெனாந்தியில் 1902 முதல் 1908 வரை கட்டப்பட்ட பழைய அரண்மனையைப் பாருங்கள். 99 தூண்கள், தரையை விட்டு உயர்ந்த தளம், மழைநீர் உடனே வழியும் செங்குத்தான கூரை. சிறிய மனையில் நாம் அரண்மனை கட்ட முடியாது. அதன் அறிவைக் கடன் வாங்கலாம்.

அகலம் 20 அடி, நீளம் 70 அடியுள்ள மனை ஒன்றை எடுத்துக்கொள்வோம். முன்னால் 20 அடியும் பின்னால் 10 அடியும் விட்டால், வீட்டுக்கு 40 அடி மிஞ்சும். இருபுறமும் அண்டை வீட்டுச் சுவர்கள். எனவே காற்று நுழைய ஒரு வழி, வெளியேற ஒரு வழி, அவ்வளவே.

இங்கேதான் பலர் தவறு செய்கிறோம். சமையலறையைப் பெரிதாக்கப் பின்புறம் முழுவதையும் சுவரெழுப்பித் தகரம் போட்டு மூடிவிடுகிறோம். முன்வாசலில் வந்த காற்று போக இடமின்றி நின்றுவிடுகிறது. நடு அறை இருண்டு, பட்டப்பகலில் விளக்கு எரிகிறது. நேயர்களே, பின்கட்டில் ஓரளவேனும் வானம் தெரிய விடுங்கள். புதிதாகக் கட்டுவோர், சிரம்பான் பட்டணத்துப் பழைய சீனர் கடைவீடுகளில் இருப்பதுபோல, வீட்டின் நடுவே 5 அடிக்கு 8 அடியில் ஒரு முற்றம் விடலாம். சூடான காற்று அதன் வழியே மேலேறிப் போகும், வெளிச்சமும் கிடைக்கும்.

அடுத்து சன்னல். 1984ஆம் ஆண்டு ஒரேசீர் கட்டடத் துணைச்சட்டங்களின்படி, அறைத் தரையின் பரப்பில் 10 விழுக்காடு சன்னலும், 5 விழுக்காடு தடையின்றிக் காற்று வரும் திறப்பும் வேண்டும். அதாவது 10 அடிக்கு 12 அடி அறைக்கு 12 சதுர அடி சன்னல், 6 சதுர அடி திறப்பு. இது குறைந்த அளவுதான். இழுத்துத் திறக்கும் கண்ணாடிச் சன்னல் பாதிதான் திறக்கும். பட்டைக் கண்ணாடிச் சன்னல் ஏறக்குறைய முழுதும் திறக்கும். உள்கதவுகளுக்கு மேலே துளைப்பலகை வைத்தால், கதவைச் சாத்தினாலும் காற்று ஓடும்.

வெப்பம் அதிகமாக இறங்குவது கூரை வழியே. ஓட்டின் அடியில் அலுமினியத் தாள் விரியுங்கள். மேற்கூரைக்கும் உட்கூரைக்கும் இடையே காற்றுத் துளை விடுங்கள். இறவாரம் 3 அடி நீளட்டும். மழை பெய்யும்போதும் சன்னலைத் திறந்து வைக்கலாம். வடக்கு, தெற்குச் சன்னல்களுக்கு இறவார நிழலே பெரும்பாலும் போதும். மேற்கு வெயில் தாழ்ந்து வருவதால் அதற்கு இறவாரம் போதாது. மேற்குப் பார்த்த வீட்டுக்கு மூங்கில் தட்டி தொங்கவிடுங்கள். இடமிருந்தால் ஒரு மரம் நடுங்கள்.

ஏற்கெனவே பின்புறத்தை மூடிவிட்டவர்கள் மனம் தளர வேண்டாம். தகரத்தைச் சுவரிலிருந்து ஓரடி உயர்த்திக் கம்பிவலை அடித்தாலே சூடான காற்று வெளியேறும். எதைச் செய்வதானாலும் உள்ளூராட்சி மன்றத்தின் அனுமதி பெற்றுச் செய்யுங்கள்.

ஆயுள் முழுதும் பாடுபட்டு வாங்கிய வீடு, மின்கட்டணத்துக்கும் புழுக்கத்துக்கும் நம்மை அடிமையாக்கக் கூடாது. கதவு திறந்தால் காற்று வரட்டும். வந்த காற்று போகவும் வழியிருக்கட்டும்.